ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி (ஆகஸ்டு 22, 1877 - செப்டம்பர் 9, 1947) இந்தியக் கலையை மேலைநாட்டவருக்கு விளக்கிய கலை வரலாற்றாளர் ஆவார். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

வாழ்க்கை

இவர் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி தமிழர். தாய் எலிசபெத் ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவைப் பணிக்குத் தலைமை தாங்கினார். பாறைகளைத் தேடி ஊர்களுக்குச் சென்றபோது கண்ட கைவினைஞர்களின் நலிவே இவரைக் கலையின்பால் திருப்பியது.

அருங்காட்சியகப் பணி

1910-11இல் அலகாபாத் கண்காட்சியின் கலைப் பிரிவை அமைத்தார். அக்காலத்தில் புதுவழி தேடிய அவனீந்திரநாத் தாகூர் குழுவினரின் ஓவியங்களையும் ஆதரித்து எழுதினார். தாம் திரட்டிய ஓவியங்களைக் கொண்டு காசியில் தேசிய அருங்காட்சியகம் நிறுவ முன்வந்தார். போதிய ஆதரவு கிட்டவில்லை. 1917இல் டென்மன் ராஸ் என்பவர் அத்தொகுப்பின் பெரும்பகுதியை வாங்கிப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அங்கு இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகக் குமாரசுவாமி அமர்ந்தார். ராஜபுத்திர ஓவியத்தின் அரிய சான்றுகள் பல இவ்வாறு கடல் கடந்தன.

1918இல் நியூயார்க்கில் வெளியான சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுப்பே இவரைப் பரவலாக அறியச் செய்தது. சிதம்பரம் நடராசர் திருவுருவத்தின் உடுக்கை, தீ, தூக்கிய திருவடி ஆகியவற்றின் பொருளை உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய தமிழ்ச் சைவ நூல்களைக் கொண்டே அதில் விளக்கியுள்ளார். சிலையின் அழகை மட்டும் நோக்கிய மேலைநாட்டு வாசகருக்கு இது புதிது.

மேலைக் கலைக்கும் இவர் துணை நின்றார். 1924இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்சின் 27 ஒளிப்படங்கள் பாஸ்டன் தொகுப்பில் சேர்ந்தது இவரது முயற்சியால்தான். ஒளிப்படத்தைக் கலையாக ஏற்க அருங்காட்சியகங்கள் தயங்கிய காலம் அது.

மறைவு

பணி ஓய்வுக்குப் பின் இந்தியாவுக்குத் திரும்ப எண்ணியிருந்தார். இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 செப்டம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார்.