காங்கோவில் தீ மூட்டியது யார்? லுமும்பாவின் கதை

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே இருக்கிறது காங்கோ. அது மிகப் பெரிய நாடு. அதை ஆண்ட பெல்ஜியமோ மிகச் சிறிய நாடு. பெல்ஜியத்தைப் போல 75 நாடுகளை காங்கோவுக்குள் வைத்துவிடலாம்!

1960-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி காங்கோ சுதந்திரம் பெற்றது. ஐந்தே நாளில் அங்கே கலகம் வெடித்தது. ஏழு மாதம் முடிவதற்குள் அந்த நாட்டின் முதல் பிரதமர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர்தான் பாட்ரிஸ் லுமும்பா. இறக்கும்போது அவருக்கு வயது 35.

கலகத்துக்குக் காரணம் யார்? லுமும்பாதான் என்று அன்று பலர் சொன்னார்கள். இல்லை, பெல்ஜியம்தான் என்று வேறு பலர் சொன்னார்கள். அந்த வழக்கு அவருடைய உயிரோடு முடியவில்லை. 60 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

அந்தக் கதையைப் பார்ப்போம்.

மன்னரின் சொத்து

1885-ம் ஆண்டில் காங்கோ நாடு முழுவதும் ஒரே ஒரு மனிதருக்குச் சொந்தமாயிற்று. அவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட்.

காங்கோக் காடுகளில் ரப்பர் கிடைத்தது. அதைச் சேகரித்துத் தரும்படி மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். குறித்த அளவு கொண்டுவராதவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். மனிதர்களின் கைகளை வெட்டிய கொடுமையும் நடந்தது.

இந்தக் கொடுமை உலகத்துக்குத் தெரிந்தது. கண்டனம் எழுந்தது. 1908-ல் மன்னரிடம் இருந்து பெல்ஜிய அரசாங்கம் காங்கோவை எடுத்துக்கொண்டது. ரப்பர் கொடுமை குறைந்தது. ஆனால், சவுக்கு போகவில்லை.

மக்களை அடக்கி வைக்க ஒரு படை இருந்தது. சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர்கள். அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர்கள். இந்தப் படையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

தபால் குமாஸ்தா

கசாய் மாகாணத்தில் ஒனலுவா என்று ஒரு சிற்றூர். அங்கே 1925-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி லுமும்பா பிறந்தார். குடும்பம் ஏழைக் குடும்பம். தெத்தேலா என்ற இனத்தைச் சேர்ந்தது.

பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடங்களில் அவர் படித்தார். படிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் புத்தகத்தை விடவில்லை. தானாகவே படித்து பிரெஞ்சு மொழியில் தேர்ந்தார்.

ஸ்டான்லிவில் நகரத் தபால் ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்தது. குமாஸ்தாவாக இருந்துகொண்டே பத்திரிகைகளுக்கு எழுதினார். சங்கங்களில் பேசினார்.

படித்த கறுப்பர்களுக்கு பெல்ஜிய அரசாங்கம் ஓர் அட்டை கொடுத்து வந்தது. நாகரிகம் அடைந்தவர் என்பதற்கு அந்த அட்டை அத்தாட்சி. அதைக் கேட்டால் அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள். வீடு எப்படி இருக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் சோதிப்பார்கள். 1954-ல் அந்த அட்டையை லுமும்பா பெற்றார்.

பெல்ஜியத்தோடு ஒத்துப்போனால் நம் மக்கள் முன்னேறலாம் என்றுதான் அப்போது அவர் நம்பினார்.

1956-ல் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. தபால் ஆபீஸ் பணத்தைக் கையாடியதாக அவர் மீது வழக்கு வந்தது. பணம் எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார். ஜெயில் தண்டனை கிடைத்தது.

1957-ல் விடுதலையானார். தலைநகர் லியோபோல்ட்வில்லுக்குப் போனார். அங்கே ஒரு பீர் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தார். ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போகிற வேலை. மக்களோடு பழகவும், அவர்களுக்குப் புரியும்படி பேசவும் அந்த வேலை அவருக்கு உதவியது.

ஒரே நாடு

காங்கோவில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மற்றத் தலைவர்கள் தங்கள் இனத்துக்கு என்று கட்சி வைத்திருந்தார்கள். 1958-ம் ஆண்டு அக்டோபரில் லுமும்பாவும் நண்பர்களும் காங்கோ தேசிய இயக்கம் என்ற கட்சியைத் தொடங்கினார்கள். எல்லா இனமும் சேர்ந்த ஒரே நாடு என்பது அதன் கொள்கை.

அந்த ஆண்டு டிசம்பரில் கானா நாட்டில் ஆப்பிரிக்க மக்கள் மாநாடு நடந்தது. கானா பிரதமர் நிக்ருமாவை அங்கே லுமும்பா சந்தித்தார். திரும்பி வந்ததும் உடனே சுதந்திரம் வேண்டும் என்று முழங்கினார்.

1959-ல் ஸ்டான்லிவில்லில் கலவரம் மூண்டு பலர் மாண்டார்கள். மக்களைத் தூண்டினார் என்று லுமும்பாவைக் கைது செய்தார்கள். 1960 ஜனவரியில் அவருக்கு ஆறு மாத ஜெயில் விதிக்கப்பட்டது.

அதே நேரத்தில் பெல்ஜியத் தலைநகரில் சுதந்திரம் பற்றி வட்டமேசை மாநாடு கூடியது. லுமும்பா இல்லாமல் பேச மாட்டோம் என்று காங்கோத் தலைவர்கள் வற்புறுத்தினார்கள். ஜெயிலில் இருந்தவர் விமானத்தில் கொண்டுவரப்பட்டார். விலங்கு அழுத்திய காயம் ஆறாமல், மணிக்கட்டில் கட்டுடன் வந்து இறங்கினார்.

மே மாதம் தேர்தல் நடந்தது. மொத்தம் 137 இடங்கள். லுமும்பா கட்சிக்கு 33 இடங்கள் கிடைத்தன. வேறு எந்தக் கட்சிக்கும் அத்தனை இடம் கிடைக்கவில்லை. லுமும்பா பிரதமர் ஆனார். இன்னொரு கட்சித் தலைவர் காசவுபு ஜனாதிபதி ஆனார்.

நாட்டின் நிலை என்ன? காங்கோக்காரர்களில் பட்டம் பெற்றவர்கள் 30 பேர்கூட இல்லை! ராணுவ அதிகாரி ஒருவர்கூட இல்லை.

சுதந்திர நாள்

ஜூன் 30-ந் தேதி விழாவுக்கு பெல்ஜிய மன்னர் வந்தார். ரப்பர் கொடுமைக்குப் பேர்போன தம் முன்னோர் லியோபோல்டை அவர் புகழ்ந்து பேசினார். காங்கோவுக்கு பெல்ஜியம் செய்த நன்மைகளை எடுத்துச் சொன்னார். ஜனாதிபதி காசவுபு மரியாதையாகப் பேசி அமர்ந்தார்.

நிகழ்ச்சி நிரலில் லுமும்பாவின் பெயர் இல்லை. ஆனாலும் அவர் எழுந்தார்.

கட்டாய வேலையையும், அடி உதைகளையும், பறிக்கப்பட்ட நிலத்தையும் அவர் சொன்னார். வெள்ளையருக்கு ஒரு சட்டம், கறுப்பருக்கு ஒரு சட்டம் இருந்ததைச் சொன்னார். வெள்ளையரை நீங்கள் என்று அழைப்பதும், கறுப்பர் எவ்வளவு பெரியவரானாலும் நீ என்று அழைப்பதும் வழக்கமாக இருந்ததைச் சொன்னார்.

காங்கோ மக்கள் கை தட்டினார்கள். மன்னரின் முகம் சிவந்தது. உண்மையைச் சொன்னார் என்று ஒரு சாரார் பாராட்டினார்கள். விருந்தாளியை அவமதித்தார் என்று மறு சாரார் கோபித்தார்கள்.

சிப்பாய்க் கலகம்

ஜூலை 5-ந் தேதி வந்தது. படையின் தலைவர் ஜான்சன்ஸ் என்ற பெல்ஜியத் தளபதி. அவர் சிப்பாய்களைக் கூட்டினார். சுதந்திரத்துக்கு முன்பு எப்படியோ அப்படித்தான் பின்பும் என்ற பொருள்பட ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டினார்.

நாடு விடுதலை ஆகிவிட்டது. நமக்கு மட்டும் விடுதலை இல்லையா என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். அன்றே கலகம் தொடங்கியது. அது ஊருக்கு ஊர் பரவியது. வெள்ளை அதிகாரிகள் அடிக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளையர் குடும்பத்துடன் ஓடினார்கள்.

லுமும்பா தளபதியை நீக்கினார். சிப்பாய்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார். ராணுவத்தில் பெரிய பதவி ஒன்றைத் தம் நம்பிக்கைக்கு உரிய மொபுட்டு என்பவரிடம் கொடுத்தார். அந்த நம்பிக்கை பின்னால் அவருக்கே வினையாயிற்று.

தாமிர பூமி

ஜூலை 10-ந் தேதி பெல்ஜியப் படைகள் புகுந்தன. வெள்ளையரைக் காப்பாற்ற வந்தோம் என்று பெல்ஜியம் சொன்னது. காங்கோ அரசாங்கத்தின் சம்மதத்தை அது பெறவில்லை.

மறுநாளே கடாங்கா மாகாணம் தனி நாடு என்று அங்கிருந்த தலைவர் ஷோம்பே அறிவித்தார். கடாங்கா பெரிய செல்வபூமி. தாமிரமும் கோபால்டும் அங்கே ஏராளம். ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கு யுரேனியம் கொடுத்ததும் அந்த மண்தான். சுரங்கங்கள் பெல்ஜியக் கம்பெனியின் கையில் இருந்தன. கம்பெனிப் பணமும் பெல்ஜிய அதிகாரிகளும் ஷோம்பேயைத் தாங்கி நின்றார்கள்.

லுமும்பா ஐக்கிய நாடுகள் சபையிடம் உதவி கேட்டார். ஐ.நா. படை வந்தது. ஆனால், கடாங்காவை அடக்க அது மறுத்தது. அமெரிக்காவிடம் கேட்டார், கிடைக்கவில்லை. ரஷ்யாவிடம் கேட்டார், விமானங்களும் லாரிகளும் வந்தன. உடனே அவருக்குக் கம்யூனிஸ்டு என்று முத்திரை விழுந்தது.

ஆகஸ்டில் தெற்கு கசாயும் பிரிந்தது. அதை மீட்க லுமும்பாவின் படை போனது. பக்வாங்கா என்ற ஊரில் அந்தப் படை பொதுமக்களைக் கொன்று குவித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பிரதமர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு லுமும்பாவையும் சேரும். அவர் மீது நீங்காத கறை அது.

இரு தரப்பு வாதம்

லுமும்பாவின் பேச்சுதான் சிப்பாய்களைத் தூண்டியது என்பது பெல்ஜியத்தார் வாதம். ஆளத் தெரியாதவர் கையில் நாடு போனதால் வந்த வினை என்றார்கள்.

காங்கோவின் பக்கம் இருந்தவர்கள் வேறு சொன்னார்கள். 75 ஆண்டுகளாக ஒரு கறுப்பரைக்கூட அதிகாரி ஆக்காத படை, என்றாவது ஒரு நாள் வெடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். சிப்பாய்களின் கோபம் முதலில் லுமும்பா மீதும் இருந்தது. வெள்ளை அதிகாரிகளை அப்படியே வைத்துக்கொண்டாரே என்பது அவர்களுடைய குறை. ஆகவே, அவர் தூண்டி அவர்கள் எழுந்தார்கள் என்பது பொருந்தவில்லை.

ஐ.நா. பிரதிநிதியாக காங்கோவில் இருந்தவர் இந்தியாவைச் சேர்ந்த ராஜேஷ்வர் தயாள். பெல்ஜியர்கள் திரும்பி வந்து எல்லா இடத்திலும் புகுந்ததைக் குறை கூறி, 1960 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். பெல்ஜியமும் அமெரிக்காவும் அவர் மீது கோபம் கொண்டன.

ஆற்றங்கரையில்

செப்டம்பர் 5-ந் தேதி லுமும்பாவை நீக்கிவிட்டதாக காசவுபு ரேடியோவில் அறிவித்தார். காசவுபுவை நீக்கிவிட்டதாக லுமும்பா பதில் அறிவித்தார். பார்லிமெண்டு லுமும்பாவின் பக்கம் நின்றது. 14-ந் தேதி மொபுட்டு ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார்.

லுமும்பா தம் வீட்டில் அடைபட்டார். உள்ளே ஐ.நா. காவல். வெளியே மொபுட்டுவின் சிப்பாய்கள்.

நவம்பர் 27-ந் தேதி இரவு மழை கொட்டியது. லுமும்பா காரில் தப்பினார். தம் ஆதரவாளர்கள் இருந்த ஸ்டான்லிவில்லை நோக்கிப் போனார். வழியில் ஊர்தோறும் மக்கள் கூடினார்கள். அவரும் இறங்கிப் பேசினார். அதனால் தாமதம் ஏற்பட்டது. பகைவர்கள் நெருங்கிவிட்டார்கள்.

சங்குரு ஆற்றை அவர் கடந்துவிட்டார். மனைவி போலினும் சின்ன மகனும் இன்னும் அக்கரையில் இருந்தார்கள். அங்கே சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். லுமும்பா ஓடவில்லை. மனைவி மகனுக்காகத் திரும்பி வந்தார். பிடிபட்டார்.

கொலை

1961 ஜனவரி 17-ந் தேதி லுமும்பாவையும் அவருடைய தோழர்கள் எம்போலோ, ஒக்கிட்டோ ஆகியோரையும் விமானத்தில் ஏற்றினார்கள். பரம எதிரியான ஷோம்பேயின் கடாங்காவுக்கு அனுப்பினார்கள். விமானத்திலேயே அடித்து நொறுக்கினார்கள்.

அன்று இரவே காட்டில் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடாங்கா மந்திரிகளும் பெல்ஜிய அதிகாரிகளும் அங்கே இருந்தார்கள். பிறகு, தடயம் இருக்கக் கூடாது என்று உடல்களைத் தோண்டி எடுத்து, அமிலத்தில் கரைத்தார்கள்.

பிப்ரவரி 13-ந் தேதி கடாங்கா அரசாங்கம் ஒரு செய்தி வெளியிட்டது. தப்பி ஓடிய லுமும்பாவைக் கிராமத்தார் கொன்றுவிட்டார்கள் என்பது செய்தி. அது பச்சைப் பொய்.

பொய் உடைந்தது

அதே 1961-ல் ஐ.நா. விசாரணைக் குழு அந்தக் கதையை நம்ப முடியாது என்று கூறியது.

1975-ல் அமெரிக்க செனட் சபை ஒரு விசாரணை நடத்தியது. லுமும்பாவைக் கொல்ல அமெரிக்க உளவுத் துறை விஷம் அனுப்பியது அதில் வெளிவந்தது. அந்த விஷம் பயன்படுத்தப்படவில்லை.

2001-ல் பெல்ஜியப் பார்லிமெண்டுக் குழு, கொலைக்குக் காரணமான சூழ்நிலைகளில் பெல்ஜியத்துக்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என்று முடிவு செய்தது. 2002-ல் பெல்ஜியம் மன்னிப்புக் கேட்டது.

ஒரு பல்

உடல் கரைந்துவிட்டது. ஆனால், ஒரு பல் தப்பியது. உடலைக் கரைத்த பெல்ஜியப் போலீஸ் அதிகாரி, தங்கம் கட்டிய அந்தப் பல்லை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்!

தந்தையை எங்களிடம் தாருங்கள் என்று மகள் ஜூலியானா 2020-ல் பெல்ஜிய மன்னருக்குக் கடிதம் எழுதினார். கோர்ட்டும் சம்மதித்தது. 2022 ஜூன் 20-ந் தேதி அந்தப் பல் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதைச் சவப்பெட்டியில் வைத்தார்கள். அவர் பிறந்த ஊருக்கும், உயிர்விட்ட மண்ணுக்கும் கொண்டு போனார்கள். ஜூன் 30-ந் தேதி, சுதந்திர நாளில், தலைநகரில் அடக்கம் செய்தார்கள். லியோபோல்ட்வில் என்ற மன்னர் பெயர் போய், கின்ஷாசா என்று அந்த நகரம் பெயர் மாறி வெகுகாலம் ஆகியிருந்தது.

லுமும்பா பதவியில் இருந்தது 10 வாரம்தான். அவர் அவசரக்காரர், தவறுகளும் செய்தார். ஆனால், காங்கோவின் விறகை அடுக்கியது அவர் அல்ல. 75 ஆண்டுகளாக அடுக்கி வைத்தவர்கள், தீப்பிடித்த அன்று அங்கே நின்றவர் மீது பழியைப் போட்டார்கள்.