ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர்

ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் (மே 23, 1734 – மார்ச் 5, 1815) ஒரு ஜெர்மானிய மருத்துவர் ஆவார். அண்டம் முழுவதும் நுண்ணிய பாய்மம் ஒன்று நிறைந்துள்ளது என்றும், மனித உடலில் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய் என்றும், பயிற்சி பெற்ற ஒருவர் தம் கைகளால் அவ்வோட்டத்தைச் சீராக்கலாம் என்றும் இவர் கருதினார். இக்கோட்பாடு உயிர்க்காந்தவியல் எனப்படுகிறது. தமிழிலும் வழங்கும் மெஸ்மரிசம் என்ற சொல் இவர் பெயரிலிருந்து வந்ததாகும்.

ஆவிகளுடன் தொடர்பு கொள்ள முயலும் குழுக்கள் பலவற்றில் காந்த ஆற்றல் பயிற்சி என்ற ஒன்று இடம்பெறுவதுண்டு. ஒருவரின் தலை முதல் கால் வரை, உடலைத் தொடாமல், கைகளை மெல்லக் கீழ்நோக்கி நகர்த்துவது அதன் முதன்மையான செய்கை. இதன் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்பவர்கள் மெஸ்மரிடம் வந்து சேர்கின்றனர். எனினும் மெஸ்மர் ஆவிகளை நாடியவர் அல்லர். தாம் கண்டது இயற்பியல் விதி ஒன்றையே என்று இறுதிவரை வலியுறுத்தியவர். அவரது முறை ஆவிகளுக்கு உரியதாக மாறியது அவருடைய வழிவந்தவர்களால் ஆகும்.

இளமையும் கல்வியும்

மெஸ்மர், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள இஸ்நாங் என்ற சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை வனக்காவல் பணியில் இருந்தவர். டில்லிங்கன், இங்கோல்ஸ்டாட் ஆகிய இடங்களில் இயேசு சபையினர் நடத்திய பல்கலைக்கழகங்களில் பயின்ற பின்னர், 1759 இல் வியன்னா சென்றார். அங்கு மருத்துவம் கற்று 1766 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கோள்கள் மனித உடலின் மீது செலுத்தும் தாக்கம் பற்றியது இவரது ஆய்வேடு. நிலவின் ஈர்ப்பால் கடலில் ஓதங்கள் எழுவதைப் போல உடலிலும் ஓதங்கள் எழக்கூடும் என்பது அதன் சாரம். அதன் பல பகுதிகள், நியூட்டனின் நண்பரும் ஆங்கில மருத்துவருமான ரிச்சர்ட் மீட் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைப் பிற்கால வரலாற்றாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஈர்ப்பு விசையைக் கண்ணால் காண முடியாவிட்டாலும் அது கடலையே அசைக்கிறது என்று அறிவுலகம் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் பற்றிய புதிய செய்திகளும் அப்போது பரவிக்கொண்டிருந்தன. ஆகவே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாய்மம் இருக்கலாம் என்ற எண்ணம் படித்தவர்களுக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

1768 இல் மெஸ்மர் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். வியன்னாவில் இவரது இல்லம் இசைக்கலைஞர்கள் கூடும் இடமாக விளங்கியது. மோட்சார்ட் குடும்பத்தினர் இவருக்கு நண்பர்கள். 1790 இல் அரங்கேறிய மோட்சார்ட்டின் கோசி ஃபான் துட்டே என்ற இசை நாடகத்தில், மெஸ்மரின் காந்தத்தைக் கேலி செய்யும் காட்சி ஒன்று உண்டு.

காந்தத்திலிருந்து கைகளுக்கு

1774 இல், வலிப்பும் மயக்கமும் உள்ளிட்ட பல துன்பங்களால் அவதியுற்ற ஃபிரான்சிஸ்கா ஓஸ்டர்லின் என்ற பெண்ணுக்கு மெஸ்மர் மருத்துவம் செய்தார். இரும்பு கலந்த மருந்தை அருந்தச் செய்து, உடலின் மீது காந்தங்களைப் பொருத்தினார். அக்காந்தங்களை வானியலாளர் மாக்சிமிலியன் ஹெல் செய்து கொடுத்தார். உடலுக்குள் ஏதோ ஒன்று கீழ்நோக்கி ஓடுவதை அப்பெண் உணர்ந்தார். சில மணி நேரம் அவரது துன்பம் தணிந்தது.

குணம் காந்தத்தின் வடிவத்தால் கிடைத்தது என்றார் ஹெல். மெஸ்மர் அதை மறுத்தார். காந்தம் ஒரு கடத்தி மட்டுமே என்றும், மெய்யான ஆற்றல் மருத்துவரின் உடலிலேயே உள்ளது என்றும் அவர் முடிவு செய்தார். விரைவில் காந்தத்தை முற்றிலும் கைவிட்டார். நோயாளியின் எதிரில் முழங்கால்கள் தொடும்படி அமர்ந்து, பெருவிரல்களைப் பற்றி, கண்களை உற்று நோக்கி, தோளிலிருந்து கை வழியாகக் கீழ்நோக்கித் தம் கைகளை நகர்த்தும் முறையை மேற்கொண்டார். இரும்புக் காந்தம் நீங்கிய பின்னும் காந்தம் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய பயிற்சிகளில் காந்தமே இல்லாதபோதும் அவை காந்தப் பயிற்சி எனப்படுவதற்குக் காரணம் இதுவே.

பேயோட்டுதலும் மெஸ்மரும்

அக்காலத்தில் யோஹான் யோசப் காஸ்னர் என்ற பாதிரியார் பேயோட்டி நோய் தீர்ப்பவராகப் புகழ் பெற்றிருந்தார். 1775 இல் இது குறித்து மெஸ்மரின் கருத்து மியூனிக்கில் கேட்கப்பட்டது. சமயச் சடங்கு எதுவுமின்றி, கைவிரல் அசைவினாலேயே வலிப்பை வரவழைக்கவும் நிறுத்தவும் முடியும் என்று மெஸ்மர் செய்து காட்டினார். காஸ்னர் தம்மையறியாமல் உயிர்க்காந்தத்தையே பயன்படுத்துகிறார் என்பது அவரது விளக்கம். பவேரிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பேய்களை அகற்றி அவ்விடத்தில் இயற்கை விதியை வைத்தவராகவே மெஸ்மர் அன்று கருதப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

மரியா தெரேசியா பாரடிஸ்

1777 இல் மெஸ்மரிடம் மரியா தெரேசியா பாரடிஸ் என்ற இளம்பெண் அழைத்து வரப்பட்டார். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த அவர் சிறந்த பியானோக் கலைஞர். பேரரசி மரியா தெரேசாவின் உதவித்தொகையைப் பெற்றவர். பல ஆண்டுகளாக அவருக்குக் கடுமையான மருத்துவ முறைகள் கையாளப்பட்டுப் பயனளிக்கவில்லை.

தமது சிகிச்சையால் அவருக்குப் பார்வை ஓரளவு திரும்பியதாக மெஸ்மர் அறிவித்தார். வியன்னா மருத்துவர்கள் அதனை நம்பவில்லை. அதேவேளை அப்பெண்ணின் இசைத்திறன் தடுமாறத் தொடங்கியது. உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. பெற்றோர் வற்புறுத்தி மகளை மீட்டுச் சென்றனர். அதன் பிறகு அவர் வாழ்நாள் முழுவதும் பார்வையற்றவராகவே இருந்தார்.

இந்நிகழ்வு மெஸ்மரின் வியன்னா வாழ்க்கையை முடித்து வைத்தது. பாரடிஸோ ஐரோப்பாவெங்கும் இசைப்பயணம் மேற்கொண்டார், இசையமைப்பாளராகவும் விளங்கினார். பாரிசில் வாலன்டின் ஆவி 1785 இல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்குவதற்கு உதவினார். பின்னர் வியன்னாவில் இசைப்பள்ளி ஒன்றையும் நடத்தினார்.

பாரிஸ் வாழ்க்கை

மெஸ்மர் 1778 இல் பாரிஸ் சென்றார். மறு ஆண்டு தம் கோட்பாட்டை 27 கூற்றுகளாகத் தொகுத்து நூலாக வெளியிட்டார். நோயாளிகள் பெருகவே, பலருக்கு ஒரே நேரத்தில் சிகிச்சை அளிக்கப் பெரிய மரத்தொட்டி ஒன்றை அமைத்தார். அதனுள் நீர்ப்புட்டிகள், இரும்புத்தூள், கண்ணாடித்தூள் ஆகியவை இருந்தன. மூடியிலிருந்து வளைந்த இரும்புக் கம்பிகள் வெளியே நீண்டிருந்தன. நோயாளிகள் தொட்டியைச் சுற்றி அமர்ந்து, கம்பியை நோயுற்ற உறுப்பில் வைத்துக்கொண்டனர். கயிறு ஒன்று அவர்களை ஒருவரோடு ஒருவர் இணைத்தது. கண்ணாடி ஆர்மோனிகாவின் இசை ஒலிக்க, சிலர் நடுங்கினர், சிலர் அழுதனர், சிலர் வலிப்புற்று விழுந்தனர். இந்நிலை நெருக்கடி எனப்பட்டது. குணமாவதற்கு அது இன்றியமையாதது என்று மெஸ்மர் கருதினார்.

1781 இல் அரசி மரீ அந்துவானெத்தின் சார்பில் ஆண்டுக்கு 20,000 லீவர் ஓய்வூதியம் வழங்க அரசு முன்வந்தது. அரசு தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை விரும்பாத மெஸ்மர் அதனை மறுத்தார். 1783 இல் அவரது சீடர்கள் நல்லிணக்கச் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினர். உறுப்பினராக 100 லூயி பொற்காசுகள் செலுத்தி, இரகசியம் காப்பதாக உறுதியளிக்க வேண்டும். லஃபாயெத்தும் இதில் ஓர் உறுப்பினர்.

1784 ஆம் ஆண்டு ஆணைக்குழு

1784 இல் மன்னர் பதினாறாம் லூயி இதனை ஆராய ஆணைக்குழு ஒன்றை அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளின், வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பாயி, மருத்துவர் கியோத்தன் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை. அவரது முன்னாள் சீடரான மருத்துவர் சார்ல் தெலோன் செய்து காட்டினார்.

நோயாளிகள் குணமடைந்தனரா என்பதைக் குழு முதன்மையாக ஆராயவில்லை. நோய்கள் தாமாகவும் தீரக்கூடும் என்பதே காரணம். பாய்மம் என ஒன்று உள்ளதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்காக அவர்கள் வகுத்த சோதனைகள் இன்றும் பாராட்டப்படுகின்றன:

* பிராங்கிளின் தங்கியிருந்த பாசியின் தோட்டத்தில் மரம் ஒன்றுக்குத் தெலோன் காந்தமூட்டினார். கண்கள் கட்டப்பட்ட 12 வயதுச் சிறுவன் வேறு மரங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். காந்தமூட்டிய மரத்தை அணுகாமலேயே, நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான்.
* கதவுக்குப் பின்னால் தெலோன் காந்தமூட்டுகிறார் என்று கூறப்பட்ட பெண், அவ்வாறு எதுவும் நிகழாதபோதும் சில நிமிடங்களில் நெருக்கடி நிலையை அடைந்தார்.
* தமக்குத் தெரியாமல், காகிதத் தடுப்புக்கு அப்பாலிருந்து அரைமணி நேரம் காந்தமூட்டப்பட்ட பெண்ணுக்கு எதுவும் நேரவில்லை.

தெரிந்தபோது விளைவு உண்டு, தெரியாதபோது இல்லை. ஆகவே பாய்மம் இல்லை என்றும், கற்பனை, தொடுதல், பிறரைப் பார்த்து ஒழுகுதல் ஆகியவையே காரணம் என்றும் குழு அறிவித்தது. மருத்துவ வரலாற்றில் மறைப்புச் சோதனையின் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அரச மருத்துவச் சங்கத்தின் மற்றொரு குழுவும் இதையொத்த முடிவுக்கே வந்தது. எனினும் அக்குழுவைச் சேர்ந்த தாவரவியலாளர் யுசியூ கையெழுத்திட மறுத்து, மேலும் ஆராய வேண்டிய சில நிகழ்வுகள் உள்ளன எனத் தனி அறிக்கை வெளியிட்டார்.

இறுதிக்காலம்

மெஸ்மர் சிறிது காலத்திலேயே பாரிசை விட்டு நீங்கினார். பல இடங்களில் வாழ்ந்தபின் சுவிட்சர்லாந்திலும், இறுதியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலும் அமைதியாகக் காலம் கழித்தார். 1812 இல் பெர்லின் மருத்துவர் வோல்ஃபார்ட் அவரைத் தேடிச் சென்று கற்றார். 1814 இல் மெஸ்மரின் கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். மெஸ்மர் 1815 இல் மீர்ஸ்பர்க் நகரில் தமது 80 ஆவது வயதில் காலமானார். அவரது கல்லறை அங்கு உள்ளது.

ஆவியுலகத்தை நோக்கி

ஆணைக்குழு அறிக்கை வெளியான அதே 1784 இல், மெஸ்மரின் மாணவரான பியூசெகூர் பிரபு தம் ஊரான புசான்சியில் விக்டர் ராஸ் என்ற உழவருக்குச் சிகிச்சை அளித்தார். விக்டர் வலிப்புறவில்லை. உறக்கம் போன்ற நிலையில் தெளிவாகப் பேசினார்; விழித்தபின் அவருக்கு எதுவும் நினைவில்லை. இதன்பின் வழி இரண்டாகப் பிரிந்தது.

முதல் வழி ஆவிகளை நோக்கிச் சென்றது. உறக்கநிலையில் பேசுபவரின் வாய்வழியே ஆவிகளே பேசுகின்றன என்று, சுவீடன்போர்க்கைப் பின்பற்றிய ஸ்டாக்ஹோம் சங்கம் ஒன்று 1787 இல் ஸ்டிராஸ்பர்க்கில் இருந்த மெஸ்மர் வழியினருக்கு எழுதியது. ஜெர்மனியில் மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், ஆவிகளைக் கண்டதாகக் கூறிய பெண் ஒருவருக்கு இம்முறையில் சிகிச்சையளித்து, 1829 இல் அதை நூலாக எழுதினார். அமெரிக்காவில் 1843 இல் மெஸ்மரிச உறக்கத்தில் ஆழ்த்தப்பட்ட ஆன்ட்ரூ ஜாக்சன் டேவிஸ் பின்னர் ஆவியுலகக் கொள்கையின் முன்னோடியானார். 1848 இல் ஹைட்ஸ்வில் என்ற ஊரில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவியின் தட்டொலிகளைக் கேட்டதாகக் கூறியபோது, அதனை ஏற்கும் மனநிலை ஏற்கெனவே உருவாகியிருந்தது. பிரான்சில் 1857 இல் ஆவிகளின் நூலை வெளியிட்ட அலன் கார்டெக், அதற்கு முன்பே காந்தவியலில் ஈடுபாடு கொண்டிருந்தவர். அவரது நெறியைப் பின்பற்றும் பிரேசில் நாட்டு மையங்களில் கைகளை வீசி ஆற்றல் அளிக்கும் செய்கை இன்றும் நாள்தோறும் நடைபெறுகிறது.

இரண்டாவது வழி உளவியலை நோக்கிச் சென்றது. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா, 1813 முதல் பாரிசில் பொது நிகழ்ச்சிகள் நடத்தினார். ஆற்றல் கைகளில் இல்லை, உறங்குபவரின் மனத்திலேயே உள்ளது என்று அவர் விளக்கினார். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843 இல் வெளியிட்ட நூலில் பாய்மத்தை மறுத்து, அறிதுயில் என்று இன்று நாம் குறிப்பிடும் கருத்தை நிலைநாட்டினார்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் 1845 இல் வங்காளத்தின் ஹூக்ளியில் நோயாளிகளை மெஸ்மரிச உறக்கத்தில் ஆழ்த்தி அறுவை மருத்துவம் செய்தார். மறு ஆண்டு கல்கத்தாவில் இதற்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப்பட்டது. ஈதர், குளோரோஃபார்ம் ஆகிய மயக்க மருந்துகள் வந்தபின் இம்முறை வழக்கொழிந்தது.

பிரம்மஞான சபையின் தலைவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1882 இல் இலங்கையில் கைவீச்சு முறையில் சிகிச்சையளிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இந்தியப் பயணங்களிலும் அதனைத் தொடர்ந்தார். அச்சபையின் தலைமையகம் 1882 இறுதியில் சென்னை அடையாறுக்கு மாறியது.

இன்றைய பார்வை

மனித உடலுக்குக் காந்தப்புலம் உண்டு என்பது உண்மையே. இதயத்தின் காந்தப்புலம் 1963 இல் முதன்முதலாக அளக்கப்பட்டது. ஆனால் அது புவியின் காந்தப்புலத்தைவிடப் பல இலட்சம் மடங்கு வலுக்குறைந்தது. மிக நுண்ணிய கருவிகளாலேயே உணரத்தக்கது. கைவீச்சின்போது உணரப்படும் வெதுவெதுப்பும் சிலிர்ப்பும் பொய்யல்ல. உடலின் வெப்பமும், குவிந்த கவனமும், எதிர்பார்ப்பும் அவற்றை விளக்கப் போதுமானவை.

மெஸ்மரின் நோயாளிகள் நடித்தவர்கள் அல்லர். அவர்களுள் பலர் மெய்யாகவே ஆறுதல் அடைந்தனர். அவ்வாறுதலுக்கு அவர் கூறிய காரணம் மட்டுமே தவறாயிற்று. ஒன்றை உணர்வதும், அதற்கான காரணத்தை அறிவதும் வெவ்வேறு என்பதைப் பாசியின் தோட்டத்தில் நடந்த சோதனை காட்டியது. புதிய மருந்துகளுடன் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இன்றைய மருத்துவ ஆய்வுகள் இதே அடிப்படையில் அமைந்தவை ஆகும்.