ஓவியர் வெர்மீர்

ஒல்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் பழைமையான நகரம் உண்டு. அந்நகரில் ரெய்னியர் என்பவர் விடுதி நடத்தியதோடு, ஓவியங்களை வாங்கி விற்கும் வாணிகமும் செய்துவந்தார். அவருக்கு 1632-ஆம் ஆண்டில் மகனாகப் பிறந்தவரே யோகான் வெர்மீர். படங்களுக்கிடையே வளர்ந்த அவர், ஓவியக் கலையையே தம் தொழிலாகக் கொண்டார். 1653-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், டெல்ஃப்ட் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார்.

தொடக்கத்தில் அவர் சமயக் கதைகளையும் புராணக் கதைகளையும் பெரிய படங்களாகத் தீட்டினார். ஆயினும், சில ஆண்டுகளில் அவருடைய நோக்கம் வீட்டின் உட்புறத்தை நாடியது. சன்னலருகே நின்று கடிதம் படிக்கும் பெண், பால் வார்க்கும் பணிப்பெண் முதலிய எளிய உருவங்களை எண்ணெய் வண்ணத்தால் தீட்டலானார்.

பொருள் எளிதாயினும் அதனைத் தீட்டுதல் எளிதன்று. ஆரவாரமற்ற உருவம் உயிர்பெற வேண்டுமாயின், ஒளியும் நிழலும் அளவோடு பொருந்த வேண்டும். வெர்மீர் முதலில் மங்கிய நிறங்களால் ஒளி நிழல்களை வகுத்துக்கொள்வார். அவற்றின்மேல் வண்ணங்களைப் படிப்படியாக ஏற்றுவார். வெண்சுவரும் எங்கும் ஒரே வெண்மையாக இராது என்பதை அவர் கூர்ந்து கண்டார். பணிப்பெண் படத்தில், சன்னலை ஒட்டிய சுவர்ப்பகுதி நிழலில் மங்கியும், அப்பாலுள்ள பகுதி ஒளி பெற்றும் விளங்குகின்றன.

அப்படத்தை 2022-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அகச்சிவப்புக் கதிர்களின் துணையால் ஆராய்ந்தனர். பணிப்பெண்ணின் பின்னே குடுவைகளைத் தொங்கவிடும் பலகையும், கீழே துணி உலர்த்தும் கூடை ஒன்றும் வரையத் தொடங்கப்பட்டிருந்தமை தெரிந்தது. வெர்மீரே அவற்றை மறைத்துவிட்டார். அவை நீங்கவே, வெறுஞ்சுவரின்முன் நிற்கும் பெண்ணின்மீது நம் பார்வை நிலைக்கின்றது.

இவ்வாறு பொறுமையுடன் உழைத்தமையால் அவர் தீட்டிய படங்கள் மிகச் சில. இன்று எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 35 மட்டுமே. குடும்பமோ பெரியது. 1672-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தின்மேல் படையெடுத்தன. ஓவிய வாணிகம் வீழ்ந்தது; கடன் பெருகியது. 1675-ஆம் ஆண்டில், தம் 43-ஆம் வயதில், அவர் 11 மக்களையும் மனைவியையும் விட்டு மறைந்தார். ரொட்டி வாங்கிய கடனுக்காக அவருடைய மனைவி இரண்டு ஓவியங்களை ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுக்க நேர்ந்தது.

பின்னர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகம் அவரைப் பெரும்பாலும் மறந்திருந்தது. 1866-ஆம் ஆண்டில் தோரே என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய கட்டுரைகளால் அவர் புகழ் மீண்டும் பரவியது. இன்று பல நாட்டு மக்களும் அப்பணிப்பெண்ணின் முன் அமைதியாக நின்று கண்டு மகிழ்கின்றனர். வேண்டியதைச் செம்மையாகச் செய்தலோடு, வேண்டாததை விலக்கவும் அறிந்தவர் வெர்மீர்.