சிதம்பரம் பிள்ளையும் கப்பற் பந்தயமும்

விளையாட்டென்றால் வேலையற்றவரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர் உளர். பையன் தெருவிலே சடுகுடு ஆடினால் படிப்புக் கெட்டுவிட்டதென்று தகப்பனார் பிரம்பை எடுக்கிறார். வாலிபன் சிலம்பக் கூடத்திற்குப் போனால் ஊரார் அவனைப் போக்கிரி என்கின்றனர். இந்த எண்ணம் தவறென்பதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. தூத்துக்குடிக் கரையில் நின்று கடலை நோக்கினாற் போதும். அந்தக் கடலிலே ஓர் அடிமை நாட்டின் வக்கீல் ஒருவர், உலகத்தின் பெருங் கப்பற் கம்பெனிகளில் ஒன்றோடு பந்தயம் ஓடினார். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவருடைய சரித்திரத்தைத் தேசபக்தியின் சரித்திரமாகப் பலர் எழுதியிருக்கின்றனர். பயிற்சி, போட்டி, தோல்வி என்னும் மூன்றையும் பற்றிய பாடமாக அதனை இன்று நாம் வாசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் அந்தக் கடற்கரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொற்கைப் பாண்டியர் நாள்தொட்டு அது முத்துக்குப் பேர்போன கரை. 1961-இல் நடந்த கடைசிச் சலாபம் வரையில் மன்னார் வளைகுடாவின் பார்களில் மனிதர் மூச்சை அடக்கி மூழ்கியே முத்துச் சிப்பி எடுத்துவந்தனர். காலிலே கல், இடுப்பிலே பை, கையிலே கயிறு. இவ்வளவே அவர்களுடைய தளவாடம். ஒரு நிமிஷத்திற்குச் சற்று ஏறக்குறைய நீருக்கடியில் தங்குவதற்குச் சிறு வயதுமுதல் பழகவேண்டும். மூழ்குகிறவன் எவ்வளவு வல்லவனாயினும், தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் கண்ணயர்ந்தால் அவன் உயிர் நிலையாது. இந்த இரண்டு உண்மைகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிள்ளையவர்களின் வாழ்க்கை முழுவதற்கும் இவை உரை சொல்லும்.

1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் புதல்வராகச் சிதம்பரம் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற வக்கீல். வீட்டிலே செல்வமும் கல்வியும் இருந்தன. ஆயினும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே வளரவில்லை. பிற்காலத்தில் தமது சுயசரிதையைப் பாட்டாக எழுதியபோது, இளமையில் ஆடிய ஆட்டங்களுக்கு அவர் அதிலே இடங் கொடுத்தார். கோலி, சடுகுடு, குதிரையேற்றம், நீச்சல், வில்வித்தை, மல்யுத்தம், சிலம்பம், சதுரங்கம் எனத் தேகத்தையும் புத்தியையும் சோதிக்கும் விளையாட்டுக்கள் பலவற்றில் அவர் பழகினார். சிறையிலும் வறுமையிலும் உழன்ற ஒருவர் அவற்றை மறவாமல் பாடிவைத்தாரென்றால், அவை வெறும் பொழுதுபோக்காய் இருந்திருக்க முடியாது.

சிலம்பம் பழகுகிறவனுக்கு ஆசான் முதலில் கற்பிப்பது கால்வைப்பு. அடிக்கும் வித்தை பின்னரே வரும். எதிரியின் கம்பு எங்கிருந்து வரும் என்று அறிந்து நிற்கத் தெரியாதவன், எத்தனை வேகமாகச் சுழற்றினாலும் வீழ்வான். சிதம்பரம் பிள்ளை 1895-இல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் தொடங்கியபோது இந்தக் கால்வைப்பையே கோர்ட்டில் கண்டோம். ஏழைகளுக்காகப் போலீஸாரை எதிர்த்து வழக்காடினார். அதிகாரிகளின் பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு வருமென்று அஞ்சிய தந்தையார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். 1900-இல் அங்கே வந்த பிள்ளை, அதிகார வர்க்கத்தின் கம்பு எந்தப் பக்கத்திலிருந்து வருமென்பதை ஏற்கெனவே அறிந்திருந்தார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது கப்பல் விட்டவர்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார். அவர்களுக்குப் போட்டியில்லை. ஆகையால் வைத்ததே கட்டணம், நடத்தியதே மரியாதை. 1905-இல் வங்காளப் பிரிவினையை ஒட்டிச் சுதேசிய வேகம் நாடெங்கும் பரவிற்று. பலர் அந்நியத் துணியைக் கொளுத்தினர். பிள்ளையோ அந்நியர் வியாபாரத்தின் உயிர்நிலை கடலில் இருப்பதைக் கண்டார். சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பல் அந்நியனுடையதாக இருக்கும்வரை, கரையிலே விற்கும் கடை மட்டும் நம்முடையதாக இருந்து பயனில்லை என்பது அவர் துணிபு.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். பிள்ளை உதவிக் காரியதரிசி. ஆசிய கண்டத்தார் எவரும் பங்கு வாங்கலாமென்பது விதி. பங்கின் விலையைக் கவனியுங்கள். ஒரு சிலருடைய பெட்டியை மாத்திரம் நம்பியிருந்தால் பங்கு ஆயிரம் ரூபாயென வைத்திருக்கலாம். சிறிய வர்த்தகனும் கப்பலின் ஒரு பலகையைத் தன்னதென்று சொல்லவேண்டும் என்பதே பிள்ளையின் நோக்கமென நாம் கருதுகிறோம்.

முதலில் வாடகைக் கப்பலைக் கொண்டே கம்பெனி தொழில் நடத்திற்று. எதிரிகள் கப்பற்காரரை நெருக்கினர். வாடகைக் கப்பல் கைநழுவிற்று. பிள்ளை இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பெற்றுக் காலத்தை ஓட்டினார். பிறர் கம்பைக் கடன் வாங்கிச் சிலம்பம் ஆட முடியாதென்பதை அவர் உடனே உணர்ந்தார். சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவது, அல்லது கடலிலே உயிரை விடுவது என்று சபதஞ் செய்து அவர் சென்ற சமயத்தில், வீட்டிலே மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சுதேசிக் கம்பெனிக்கு உரியனவாகத் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன. அக்காலத்தில் பெருங் கப்பல்கள் கரையை அணுக முடியாது. சில மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சும். ஜனங்கள் படகேறிச் சென்றே அவற்றைத் தொடவேண்டும். அவ்வளவு தூரத்தில் நின்ற கப்பல்கள் அன்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் வந்து ஒதுங்கின.

இனிப் பந்தயம் தொடங்கிற்று. அந்நியக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கிற்று. எதிரிகள் இனாமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தனர். ஏறுவோருக்குக் குடையும் அளித்தனர் என்பர். இதை வியாபாரப் போட்டியென்று சிலர் சொல்வர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். பல கடல்களில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை ஓட்டியவனுக்கு ஒரு வழியில் வரும் நஷ்டம் மற்ற வழிகளின் லாபத்தில் கரைந்துபோகும். இரண்டே கப்பல்களை உடையவனுக்கோ ஒவ்வொரு பிரயாணத்தின் நஷ்டமும் எலும்பைத் தொடும். நல்ல போட்டியில் இருவரும் வேகமாக ஓடக் கற்கின்றனர். காண்போர் இருவராலும் நன்மை பெறுகின்றனர். ஒருவன் மூச்சு நிற்கும்வரை அவன் கழுத்தைப் பிடித்திருப்பது போட்டியன்று. எதிரி ஒழிந்த மறுநாளே பழைய கட்டணம் திரும்பி வருமென்பதை இனாம் டிக்கெட்டு வாங்குகிறவன் யோசிக்கவேண்டும்.

தூத்துக்குடி ஜனங்களில் பலர் யோசித்தனர். இனாமை ஒதுக்கிக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர். விலை குறைத்து வெல்ல முடியாதபோது, எதிரிக்கு இன்னொரு துணை இருந்தது. மத்தியஸ்தனாக நிற்கவேண்டிய சர்க்காரே ஒரு பக்கத்தில் சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒருவனாகிவிட்டால், அந்தக் களத்தில் திறமைக்கு என்ன மதிப்பு?

பிள்ளையும் கப்பலோடு நின்றுவிடவில்லை. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊரார் உதவினர். மார்ச்சு முதல் வாரத்திலேயே முதலாளிகள் இறங்கிவந்தனர், கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அரசியலோடு கம்பெனியைப் பிணைத்தால் கம்பெனிக்குக் கேடு வருமென்று அஞ்சிய பங்குதாரரும் இருந்தனர். அவர்கள் அச்சம் ஆதாரமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயின் தேசிய உணர்ச்சியை நீக்கிவிட்டால், இனாம் டிக்கெட்டை ஒதுக்கி அரை ரூபாய் கொடுக்க எவன் வருவான்? கம்பெனியின் பலமும் அபாயமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

மார்ச்சு 12-ஆம் தேதி பிள்ளையும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். நாற்பது ஆண்டுகள்! அப்பீலில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் பிள்ளை கடுங்காவல் அனுபவித்தார். மாடு இழுக்கும் செக்கில் அவரைப் பூட்டினர். குதிரையேறி மகிழ்ந்த தேகம், மல்யுத்தத்தில் முறுக்கேறிய தேகம், செக்கைச் சுற்றிவந்தது.

மல்யுத்தத்தில் ஒரு விதியுண்டு. கீழே விழுந்தவன் தோற்றவனல்லன். முதுகு மண்ணைத் தொட்டவனே தோற்றவன். சிறையில் பிள்ளையின் முதுகு மண்ணைத் தொடவில்லை. செக்கிழுத்த அந்தக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கும் வேலையில் ஈடுபட்டார். மனம்போல வாழ்வு, அகமே புறம் என்பன அவற்றின் பெயர்கள். மனிதன் தன் எண்ணங்களைப் பழக்குவதால் தன்னையே ஆக்கிக்கொள்கிறான் என்பது அவற்றின் சாரம். தேகத்தைப் பழக்கிய இளைஞர், மனத்தைப் பழக்கும் ஞானியானார். விளையாட்டு மைதானத்தில் தொடங்கிய பயிற்சி சிறையறையிலும் நிற்கவில்லை.

1912 டிசம்பர் 24-ஆம் தேதி அவர் விடுதலையானார். வாயிலில் பெருங் கூட்டம் இல்லை. நோயால் நலிந்திருந்த சுப்பிரமணிய சிவாவும் ஒருசிலருமே நின்றனர். கம்பெனி 1911-இலேயே கலைக்கப்பட்டிருந்தது, கப்பல்கள் கைமாறிவிட்டன. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையிலே அவர் சில்லறை வியாபாரஞ் செய்து குடும்பத்தைக் காக்க நேர்ந்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் நின்று யோசிக்கவேண்டும். அந்நியன் நம்மை வீழ்த்தினான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவது எளிது. அது பாதி உண்மை. சடுகுடுவில் ஒருவகை ஆட்டமுண்டு. பாடிச் சென்றவன் பிடிபட்டு வெளியேறினால் ஆட்டம் முடிவதில்லை. அவன் அணியார் எதிரியில் ஒருவனைத் தொட்டு வந்தால், வெளியேறினவன் மறுபடி உயிர்பெற்று உள்ளே வருவான். சிதம்பரம் பிள்ளை 1908-இல் வெளியேறினார். உள்ளே நின்ற நாம் யாரைத் தொட்டோம்? அவர் இருந்தபோது கட்டணப் போரிலும் ஓடிய கப்பல்கள், அவர் போனபின் மூன்றாண்டுக்குள் மறைந்தன. அவர் அளவுக்கு வல்லவர் இல்லாமற் போயிருக்கலாம். அவருடைய வேலையைச் சேர்ந்து சுமக்கப் பத்துப் பேரைப் பழக்கி வைக்காதது அந்த இயக்கத்தின் குறை. மூழ்கியவன் கடலடியில் இருக்கும்போது கயிறு பிடித்தவர்கள் கையைத் தளரவிட்டனர். இதை எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. எழுதாமல் விடுவது அதனினும் வெட்கம்.

பிள்ளையோ ஒருவரையும் குறைகூறித் திரியவில்லை. வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தபோது, அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியோடு போரிட்டவர், நியாயம் செய்த வெள்ளையரைத் தம் வீட்டிலேயே நினைவிற் கொண்டார். எதிரியின் நல்ல ஆட்டத்தை மெச்சத் தெரிந்தவனே உண்மையான ஆட்டக்காரன். கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் வக்கீலாக இருந்தார். தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் ஆராய்ந்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்தில் உயிர் நீத்தார். அங்கே தம்மைக் கொண்டுவைக்கும்படி அவரே விரும்பினார். களத்திலே பிறந்த வாழ்வு களத்திலேயே முடிந்தது.

2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய கப்பல்கள் அணுக முடியாத கரையில் இன்று பெருங் கப்பல்கள் வந்து பொருந்துகின்றன. பெயரிடுவது நல்ல காரியம். அதனால் மாத்திரம் கடன் தீராது. பொதுவேலை செய்யும் நண்பர்கள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். போட்டி வருமுன்னர் நாம் கால்வைப்பைப் பழகினோமா? நமது தலைவர் நாளைக் காலை களத்திலிருந்து அகற்றப்பட்டால், கயிற்றைப் பிடிக்க எத்தனை கைகள் இருக்கின்றன? இவற்றுக்கு நல்ல விடை சொல்லக்கூடிய சங்கமும் கம்பெனியும் கட்சியுமே சிதம்பரம் பிள்ளையின் பெயரை உச்சரிக்கத் தகுதியுடையவை.