கொயினா தந்த றிச்சட் ஸ்புறூஸ்

நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் பாதையிலுள்ள ஹக்கல பூங்காவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ரோசா மலர்களில் மயங்கி நிற்கும் மாணவர்க்கு, 1861-இல் அப்பூங்கா தோன்றியது சிங்கோனா மரத்துக்காகவே என்று சொன்னால் வியப்படைவர். நம்மவர் காய்ச்சலுக்கு உண்ட கசப்பான கொயினா அம்மரத்தின் பட்டையிற் பிறந்ததே.

அம்மரத்தின் வழியைத் தேடிச் சென்றால் தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலுள்ள குவாயாகில் துறையை அடைகிறோம். டாவுலே, பாபாஒயோ என்னும் இரு நதிகள் கூடிக் குவாயாஸ் பேராறாகும் இடத்தில் அமைந்தது அந்நகர். அக்காலத்தில் கடற்கப்பல்கள் ஆற்றின் வழியே உள்ளேறி அங்கு வந்து நின்றன. மலைநாட்டுச் சரக்கு தெப்பங்களில் மிதந்து வந்து சேர்ந்தது. 1820-இல் ஸ்பானிய ஆட்சியை உதறிய அந்நகரிலேதான் 1822-இல் பொலிவாரும் சான் மார்ட்டினும் சந்தித்தனர். கொக்கோவால் அது செழித்தது. மஞ்சட் காய்ச்சலாலும் தீயாலும் நலிந்தது.

ஸ்புறூஸ் 1817-இல் இங்கிலாந்தின் யோர்க்சயரில் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் சிலகாலம் கணிதம் கற்பித்தார். எனினும் அவர் உள்ளம் பாசிகளிலேயே படிந்திருந்தது. 1849-இல் அமேசன் சென்றவர், பத்தாண்டுக்கு மேலாகக் காடுகளில் அலைந்தார். சிவப்புப் பட்டைச் சிங்கோனாவை இந்தியாவுக்குச் சேர்ப்பிக்கும் பணி அவரைத் தேடி வந்த காலத்தில், 1860 ஏப்ரலில், முதுகும் கால்களும் செயலிழந்தன. படுக்கையில் கிடக்க வேண்டிய மனிதர், சிம்பொராசோ மலைச்சரிவிலுள்ள லிமோன் என்னுமிடத்துக்குச் சென்றார்! நில உரிமையாளருக்குப் பணம் கொடுத்தார். தோட்டக்காரர் றொபட் குறொசின் துணையோடு ஏறத்தாழ ஓரிலட்சம் விதைகளும் 637 கன்றுகளும் சேர்த்தார்.

இனித்தான் ஆற்றின் சோதனை. கன்றுப் பெட்டிகளை ஏற்றிய தெப்பத்தை வெள்ளம் இழுத்துக் கரைமரங்களின் மீது மோதிற்று. கிளைகள் பெட்டிகளைத் தாக்கின. ஆயினும் பெரும்பாலான கன்றுகள் பிழைத்துக் குவாயாகிலை அடைந்தன. 1861 ஜனவரி 2-இல் கப்பலேறின. கன்றுகள் உதகமண்டலத்துக்குச் சென்றன. விதைகள் இலங்கைக்கும் வந்தன.

1869-இல் கோப்பியை இலைநோய் தாக்கியபின் நம் மலைகளில் சிங்கோனா பரவிற்று. அதை நட்டதும் பட்டை உரித்ததும், மன்னார்க் கரையிலிருந்து காய்ச்சற் காட்டினூடே நடந்து வந்த நம் முன்னோரே. வழியில் மாண்டவர்க்கு அது பயன்படவில்லை. எக்குவடோருக்கும் அதனால் நிலையான ஊதியம் கிட்டவில்லை. இதனை வெறும் அறிவியல் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1880-களில் பட்டை மலிந்து விலை வீழவே, மரங்களை வெட்டித் தேயிலை நட்டனர்.

ஸ்புறூசின் கதியும் இரங்கத்தக்கது. 1861-இல் குவாயாகில் வணிக நிறுவனம் ஒன்று முறிந்தது. அங்கே போட்டு வைத்த அவர் சேமிப்பு அதனோடு போயிற்று. 1864-இல் தாயகம் திரும்பிய அவருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண் உதவிப்பணம் கிடைத்தது. 1877-இல் இன்னோர் ஐம்பது சேர்ந்தது. சிற்றூர்க் குடிசையில், பெரும்பாலும் படுத்தவாறே, அமேசன் ஈரற்பாசிகளைப் பற்றிப் பெருநூல் எழுதி 1885-இல் முடித்தார். 1893 டிசம்பரில் அங்கேயே மறைந்தார்.