பிரித்துப் பார்த்த நாயுடு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் பழைய கார் ஒன்று நின்றுவிட்டதா? டிரைவர் முதலில் மோந்து பார்ப்பார். பெட்ரோல் வாடை அடித்தால் இரண்டில் ஒன்று. குழாய் கசிகிறது. அல்லது, சோக்கை இழுத்தபடி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் என்ஜினுக்குள் பெட்ரோல் மிதமிஞ்சிப் பாய்ந்து, பிளக் நனைந்துவிட்டது.

நனைந்த பிளக்கைச் சற்றுப் பொறுத்துக் கழற்றி, துடைத்துக் காயவைத்துப் பூட்டினால் போதும். கசிவு அப்படியல்ல. அடைக்கும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பீடி பற்ற வைப்பது பேராபத்து!

இந்த வித்தையெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லாத காலத்தில் தாமே கற்றவர் ஜி. டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. வாலிபத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அன்று முதல் அதே நினைவு! கோவையில் ஓட்டல் சர்வராகச் சேர்ந்தார். காசு காசாகச் சேமித்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஏறி ஊரைச் சுற்றியதோடு நிற்கவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். திரும்பப் பூட்ட முடியாவிட்டால், எச்சில் இலை எடுத்துச் சேர்த்த பணம் அத்தனையும் பழைய இரும்புதான். ஆனால், பூட்டினார்!

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அது பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாயிற்று. 1937-ல் மின்சார மோட்டார் தயாரித்தார். பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்த அவர், 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கினார். காலமானது 1974-ல்.