தங்கத்தாத்தா காட்டிய வழி

நெல்லியடியில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கத் தொடங்கிய நாளில், முதற்பாடமாகச் சரளி வரிசையையே எடுத்தேன். பிள்ளைகள் சோர்ந்தனர், நானும் சோர்ந்தேன். அப்போது எனக்கு வழிகாட்டியது நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் வாழ்க்கை.

1878ஆம் ஆண்டு நவாலியில் தோன்றிய அப்பெரியார், வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராய் விளங்கினார். அட்டகிரிக் கலம்பகம் பாடிய அதே புலமையே, ஆடிப்பிறப்பின் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித்தோட்டத்து வெருளியையும், தாடி அறுந்த வேடனையும் சிறுவர்க்குப் பாடித் தந்தது. பிள்ளைகளுக்காகப் பாடுவதைத் தம் புலமைக்கு இழுக்கென அவர் எண்ணினாரல்லர். அப்பாடல்கள் சிறுவர் செந்தமிழ் என்னும் நூலாயின. 1953இல் அவர் மறைந்தார். தங்கத்தாத்தா என்ற பெயர் மறையவில்லை.

மறுநாள் வெருளிப் பாட்டைத் தாளமிட்டு முழுவதும் பாடினேன். பின்னர் ஓரடி நான் பாட, ஓரடி அவர்கள் பாடினர். தோட்டம் செய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெருளி புதியதன்று. சுருதி விலகியவனைக் கடியாது, மீண்டும் பாடிக் காட்டினேன். சில வாரங்களில் குரல்கள் இசைந்தன. அதன்பின் சரளி வரிசையும் கசக்கவில்லை.

புதிதாக வகுப்பறை புகும் ஆசிரியர்களே, குரல்வளம் குறைவென்று அஞ்சவேண்டா. பிள்ளை அறிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள்; சுரம் பின்னே வரும்.